படகில் ஏறும் சைக்கிளுக்கும் ஓர் இடம் வேண்டும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். நெடுந்தீவுப் படகு புறப்படும் நேரம். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், சீமெந்துப் பை, வெங்காயப் பொதி எல்லாம் ஏறிய பிறகு ஒருவர் தமது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். துறையின் விளிம்புக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அலை ஏறி இறங்குகிறது. யாரும் கூப்பிடாமலே நாலு பேர் கைகொடுக்கிறார்கள். முன்சில்லை இருவர், பின்சில்லை இருவர் பிடிக்க, படகு மேலெழும் கணம் பார்த்து ஒரே மூச்சில் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். பிறகு கயிற்றால் ஒரு கட்டு. அவ்வளவுதான்.

ஒரு கை வழுக்கினால் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு கடலுக்குள் போகும். இன்னும் மோசமானால் ஒருவருடைய கால் நசுங்கும். ஆயினும் இது நாளாந்த வழமை. வழமையாகிவிட்ட எதையும் நாம் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. பத்திரிகைக்காரர்களும் அதற்கு விலக்கல்லர். தீவகப் போக்குவரத்து என்று நான் என் தொழிற்காலத்தில் எழுதிய செய்திகள் கொஞ்சமல்ல. படகு பழுது, வீதி பழுது, பாலம் வேண்டும், பஸ் வரவில்லை என்று எழுதினேன். இறங்குதுறைக்கு வந்து சேரும் அந்த இரண்டு சில்லுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதாக நினைவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பதிவு.

ஒரு வரலாற்று வேடிக்கையிலிருந்து தொடங்குகிறேன். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கும் தீவு லைடன். காரைதீவு அம்ஸ்ரடாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். 1795இல் அவர்கள் போனார்கள். பெயர்களும் பெரும்பாலும் போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கில வரைபடங்களில் தங்கியிருக்கிறது.

அவர்கள் போன காலத்தில் உலகில் சைக்கிளே இருக்கவில்லை. ஜேர்மனியரான டிறைஸ் காலால் உந்தி ஓடும் மரவண்டியைச் செய்தது 1817இல். இன்று நாம் ஓடும் வடிவத்தில், சமமான இரண்டு சில்லும் செயினும் கொண்ட வண்டியை இங்கிலாந்தின் ஸ்ராலி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1885இல். டன்லொப்பின் காற்றடைத்த ரயர் 1888இல். இன்று நெதர்லாந்தில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். ஆனால் அது அந்த நாட்டின் பரம்பரைச் சொத்து என்று நினைத்தால் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களும் காரின் பின்னால் ஓடியவர்கள்தான். 1971இல் அங்கே வீதி விபத்துகளில் 3000 பேருக்கு மேல் இறந்தார்கள்; அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். தாய் தந்தையர் தெருவில் இறங்கிக் குழந்தைக் கொலையை நிறுத்து என்று கேட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகே அரசும் நகரசபைகளும் சைக்கிளுக்கு வீதி ஒதுக்கத் தொடங்கின. 1980களில் நகரம் முழுவதற்கும் சைக்கிள் பாதை வலையமைப்பை முன்மாதிரியாக அமைத்துக் காட்டிய ஊர்களில் ஒன்று எது தெரியுமா? டெல்ஃப்ட்.

பெயரைத் தந்த டெல்ஃப்ட் அப்படியிருக்க, பெயரைப் பெற்ற டெல்ஃப்ட்டில் சைக்கிளைத் தூக்கிப் படகில் போட நாலு பேரைத் தேட வேண்டியிருக்கிறது.

நம்மவர்களுக்குச் சைக்கிளின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. விறகு, தண்ணீர்க் கலன், நெல் மூட்டை, நோயாளி, சவப்பெட்டி எல்லாம் கரியரில் போயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். செய்தி முடிவதற்குள் சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் ஓய்ந்துவிடும். அச்சுத்தாள் கிடைக்காமல் கொப்பித்தாளில் அச்சிட்ட பத்திரிகைகளையும் ஊருக்கு ஊர் கொண்டுபோனவை சைக்கிள்களே.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்; புகை ஒரு சந்திக்கு அப்பாலும் மணக்கும். அந்தக் காலத்தில் நம் ஊரில் பேர்பெற்ற எம்.டி. 90 ஜப்பானின் தபால்காரருக்காக ஹொண்டா நிறுவனம் செய்த வண்டி என்பது பலருக்குத் தெரியாது. கடிதம் கொண்டுபோகப் பிறந்த சிவப்பு வண்டி இங்கே போரின் நடுவே ஓடியது. நம் ஆசிரியர்கள் வைத்திருந்த சி 90, 1958இல் அறிமுகமான சுப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது.

தீவக மக்களின் கதை இதிலும் சற்று வேறானது. 1990-91 காலப்பகுதியில் இராணுவ நடவடிக்கைகளால் தீவுகளிலிருந்து பெருந்தொகையானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். தீவகம் படையினரிடமும் குடாநாடு புலிகளிடமும் இருந்த அந்த ஆண்டுகளில் பண்ணைப் பாலத்தைக் கடந்து போய்வர முடியவில்லை. அது இரண்டு உலகங்களுக்கு இடையிலான எல்லையாகிவிட்டது. பிறகு 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிச் சென்ற கூட்டத்தில் வேலணையாரும் புங்குடுதீவாரும் இருந்தார்கள். அவர்களுக்கு அது இரண்டாவது பெயர்வு. ஏறி ஓட இடமில்லாத அந்த நெரிசலில் சைக்கிள் ஒரு தள்ளுவண்டியாக மாறியது. 1954இல் தியன் பியன் பூவில் வியட்நாமியர் சைக்கிளை இப்படித்தான் சுமைவண்டியாக்கினார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல் கட்டித் தள்ளினார்கள். அவர்கள் தள்ளியது வெற்றிக்கான அரிசி. நாங்கள் தள்ளியது பாயும் சட்டியும் அம்மம்மாவும்.

இரண்டு சில்லு வண்டி ஒவ்வொரு மண்ணிலும் அந்த மண்ணின் தேவைக்கு ஏற்ப உருமாறும். கொங்கோவின் கோமா நகரில் மரத்தாலேயே செய்த சுக்குடு மூட்டை இழுக்கிறது. கென்யா, உகண்டா எல்லையில் ஆளேற்றத் தொடங்கிய சைக்கிள், போடா போடா என்ற பெயரோடு மோட்டார் சைக்கிளாகி ஆபிரிக்காவின் பல நகரங்களில் ஓடுகிறது. நெதர்லாந்தில் முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிளில் குழந்தைகளை உட்கார்த்திப் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓடப் பழகினார்கள். யாரையும் கேட்காமல் வெளியே போகலாம், சந்தைக்குப் போகலாம், திரும்பி வரலாம் என்ற சுதந்திரம் எழுத்தைப் போலவே பெரிது என்று அந்த இயக்கத்தார் உணர்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணப் பெண்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. அவர்கள் அதற்கு முன்பே சைக்கிளில்தான் ரியூசனுக்குப் போனார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஸ்கூட்டி வந்தது. இன்று ஆசிரியை, தாதி, கிராம அலுவலர் எல்லாரும் அதில்தான் போகிறார்கள்.

அப்படியானால் தீவகத்துக்கு எந்த வண்டி பொருந்தும்? தீவுக்குத் தீவு விடை மாறும். நயினாதீவு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே சைக்கிளே போதும். இயலாதவருக்கு முச்சக்கர வண்டி. நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர். மேட்டுநிலம் இல்லாத தட்டையான தீவு. சைக்கிளுக்கு அதைவிட நல்ல தரை எங்கே கிடைக்கும்? ஆனால் வெட்டவெளி. சோளகம் எதிரே அடிக்கும் மாதங்களில் பெடலை மிதிப்பது மணலில் உரல் இழுப்பதற்குச் சமம். நோயாளியை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை போவது முப்பது கிலோமீட்டர் அளவு. அதை நாள்தோறும் சைக்கிளில் ஓடு என்று நான் யாருக்கும் உபதேசிக்க மாட்டேன். என் முழங்காலே ஒத்துக்கொள்ளாது.

நான் சொல்வது வேறு. எந்த வண்டியாக இருந்தாலும், தீவக மனிதரின் பயணம் வண்டி, படகு, மறுபடி வண்டி என்ற மூன்று துண்டுகளால் ஆனது. நமது திட்டங்கள் நடுத்துண்டை மட்டும் பார்க்கின்றன. இரு பக்கத்துச் சில்லுகளையும் அவரவர் பாடு என்று விட்டுவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை பல வருடம் நெடுந்தீவில் படிப்பித்தார். அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. இந்தக் கரையில் ஸ்கூட்டி, அந்தக் கரையில் ஒரு பழைய லுமாலா சைக்கிள். இரண்டும் உப்புக்காற்றில் வெட்டவெளியில் நின்றன. வருடத்துக்கு ஒரு செயின், இரண்டு வருடத்துக்கு ஒரு றிம் என்று சம்பளத்தில் ஒரு பங்கு துருவாகிப் போயிற்று. இடமாற்றம் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. எழுதினாலும் எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? தீவுப் பாடசாலைகளில் ஆசிரியர் நிலைப்பதில்லை என்று கவலைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே எனது கோரிக்கைகள் சிறியவை. முதலாவது, குறிகட்டுவானிலும் தீவுகளின் துறைகளிலும் வண்டிகளை உருட்டி ஏற்றக்கூடிய சாய்தளம். புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு பயணிகள் படகிலும் அவற்றை நிறுத்திக் கட்டுவதற்கென ஒதுக்கிய இடம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான பாதையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உருண்டே ஏறுகின்றன. குறுகிய நீரில் முடிந்தது, அகன்ற நீரில் கடினம்தான், முடியாதது அல்ல. இரண்டாவது, துறைகளில் கூரையும் பூட்டும் உள்ள வண்டிக் கொட்டகை. மூன்றாவது, கடல்வழி வீதிகளைத் திருத்தும்போது ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு முழ அகலமாவது கூடுதல். பண்ணை வீதியில் எதிர்க்காற்றோடு தடுமாறும் மாணவனுக்குப் பக்கத்தால் வான் ஒன்று உரசிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

நாலாவது, மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை. அங்கே சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு, 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்கு முன் அதே திட்டம் சீன நிறுவனம் ஒன்றிடம் போய், டில்லி ஆட்சேபித்து, கைமாறிய கதையை வாசகர்கள் அறிவார்கள். வல்லரசுகள் எங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் போட்டியிட்டன. அந்த வெயிலிலும் காற்றிலும் ஒரு பங்கு எங்கள் சில்லுகளைச் சுற்றட்டும் என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அதிக தூரம் ஓட முடியாத தீவுக்கு மின்சைக்கிளைப் போலப் பொருத்தமான வண்டி வேறில்லை. எதிர்க்காற்றையும் அது சமாளிக்கும். கடல் கடந்து பெற்றோல் கலன் வர வேண்டியதுமில்லை.

பெற்றோலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2022 காட்டியது. நாடு முழுவதும் எரிபொருள் வரிசை நீண்டபோது கொழும்பில் கனவான்களும் சைக்கிள் வாங்கினார்கள்; சைக்கிள் விலை இரண்டு மூன்று மடங்காகியது. தெற்குக்கு அது புதுமை. நமக்கு அது பழைய நாட்களின் மறு ஒளிபரப்பு. ஆனால் நெருக்கடி தணிந்ததும் இரு பகுதியாரும் ஒன்றுபோலவே மறந்துவிட்டோம். நெதர்லாந்துக்காரன் தனது 1973ஐ வீதியாகக் கட்டி வைத்துக்கொண்டான். நாங்கள் எங்கள் 1990ஐ நினைவாக மட்டும் வைத்திருக்கிறோம்.

புலம்பெயர்ந்த தீவக உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஊருக்கு நீங்கள் செய்வது பெரிது. மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கி எடுக்கும் படங்களை நானும் பார்க்கிறேன், மகிழ்ச்சி. ஆனால் உப்புக்காற்றுள்ள ஊரில் சைக்கிளைக் கொடுப்பது பாதி உதவி. ரயர், ரியூப், செயின் வாங்க ஒரு சிறு நிதியும், ஊரில் ஓர் இளைஞனுக்குத் திருத்துவேலைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் அது முழு உதவி. கோபுரத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் சேர்க்கிற காசில் ஒரு துளி, இறங்குதுறையில் ஒரு கொட்டகைக்குக் கூரையாகலாம். உங்கள் பெயரை அதிலும் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

சைக்கிள் எங்கள் தேர்தல்களில் ஒரு கட்சியின் சின்னம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதிவு எவருக்கும் வாக்குக் கேட்கவில்லை. எந்தச் சின்னத்தில் வென்றவராயினும், அடுத்தமுறை குறிகட்டுவானுக்கு வந்தால் வாகனத்தை விட்டு இறங்கி, அந்த மோட்டார் சைக்கிளைத் தூக்கும் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக ஒரு கை பிடித்துப் பார்க்கட்டும். படகு மேலெழும் கணத்தில் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்கும் விளங்கும்.