விளிம்பிலேயே நிற்கிறோமாம்!

"அழிவின் விளிம்பில் விவசாயம்!" நகரத்து நண்பர்களே, இந்த வரியை எழுதாத பத்திரிகை இல்லை, முழங்காத மேடையும் இல்லை. இங்கிலீஷ்ல இருந்து வேரோட பிடுங்கிவந்து தமிழ்ல நட்ட வரி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா நாங்க அந்த விளிம்புலயேதான் நிக்கிறோம். விழவும் இல்ல, கைகொடுத்துத் தூக்க ஆளும் வரல.

எங்க வயலுக்கு விளிம்புன்னா வரப்பு. அதுல நடப்போம், உளுந்து ஊன்றுவோம், உக்காந்து கஞ்சி குடிப்போம். பயப்படுற இடமில்ல அது.

அந்த வார்த்தையில் தேதி இல்லை, காரணம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய ஆளும் இல்லை. அதுதான் என் கோபம். குறுவைக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் திறந்தது ஜூலை 28. 46 நாள் தாமதம்! போர்வெல் வச்சிருந்தவன் நட்டான். ஆத்துத் தண்ணியை நம்பினவன் வயலைத் தரிசா போட்டான். தாமதமா நட்டா அறுப்பு ஐப்பசி மழையில மாட்டும். இதை எழுதுங்க.

பால் பிடிக்கிற பயிர் காய்ஞ்சா நாங்க விளிம்புன்னு சொல்றதில்ல. "இன்னும் நாலு நாள் தாங்கும்"னுதான் சொல்வோம். நாலு நாள்னு சொன்னா, யாரோ ஒருத்தர் மடையைத் திறந்தாகணும். விளிம்புன்னு சொன்னா, கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.