கைப்பக்குவம் என்கிற கதை

போன மாசம் என் வண்டிக்கு நானே ஆயில் மாற்றினேன். கடைசியில் டிரைன் போல்ட்டை நல்லா டைட் வைப்போம்னு ஸ்பானரில் ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். சட்டென்று இலகுவாகச் சுற்றியது. போல்ட் இரும்பு, என்ஜின் கேஸிங் அலுமினியம். மரை போச்சு. லேத்துக்கு அலைந்ததில் ரெண்டு நாள் கூலியும் போச்சு. பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் சிரித்தார்: "இதெல்லாம் கைப்பக்குவம்ப்பா. உங்களுக்கெல்லாம் வராது."

அந்த 'உங்களுக்கெல்லாம்' யாரைச் சொல்கிறது என்று நமக்குத் தெரியாதா?

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைத்தொழிலை நான் மட்டம் தட்டவில்லை. கைத்தொழில் ரத்தத்தில் வருகிறது என்பதைத்தான் மறுக்கிறேன். பிறப்பை வைத்து வேலையை ஒதுக்குகிற ஏற்பாட்டை 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் தோலுரித்துவிட்டார்.

போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. முறுக்கும்போது மயிரிழை நீளும். திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுப்புதான் ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுப்பு குறைந்தால் அதிர்வில் கழலும். கூடினால் மரை உரியும், இல்லையென்றால் போல்ட்டே அறும்.

இதற்கு அளவு இருக்கிறது. 10 மி.மீ. ஸ்பானர் பிடிக்கிற 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாகச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 10 கிலோ தொங்குகிற இழுப்பு அது. பைப்பைச் சொருகி நீளத்தை 20 செ.மீ. ஆக்கினால், அதே இழுப்பு ரெட்டிப்பாகிவிடும். நான் செய்த தப்பு இதுதான். கைப்பக்குவம் இல்லாத குறை அல்ல, கணக்குத் தெரியாத குறை.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, பெரும்பாலும் இங்கிலீஷில். பட்டறையில் எடுபிடியாக நிற்கிற நம்ம வீட்டுப் பையனுக்கு அதை யார் சொல்லித் தருகிறார்கள்? தலையில் குட்டுதான் கிடைக்கிறது.

முதலில் மரையைத் துடைத்து, கையாலேயே திருகுங்கள். கையில் ஏறாத போல்ட் கோணலாய் ஏறுகிறது, கழற்றிவிடுங்கள். நாலு போல்ட் இருந்தால் எதிரெதிராக, ரெண்டு மூணு சுற்றில் முறுக்குங்கள். மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெய் போடாதீர்கள். வழுக்கலில் போல்ட் கூடுதலாய் இழுபடும். டிரைன் போல்ட்டுக்குப் புது வாசர் போடுங்கள். முறுக்கி முடித்ததும் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது.

விடிகாலை நிலக்கோட்டைக்குப் பூவும் ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறியும் ஏற்றிப் போகிறவனுக்குப் பின்சக்கர நட்டு கழன்றால் போவது கூலி மட்டுமல்ல, உயிர்.

நம் சேரிகளில் படிப்பகம் இருக்கிறது. கேரம்போர்டுக்கு வசூல் பண்ணுகிறோம். ஒரு டார்க் ரெஞ்சுக்கும் வசூல் பண்ணுவோம். எண்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். எவன் முறுக்கினாலும் அந்த ரெஞ்ச் ஒரே எண்ணில்தான் 'டிக்' என்று சொல்லும். அது சாதி கேட்காது.