கழுத்தில் கிடக்கும் பாக்கி



ஜகாத்தின் எட்டுப் பங்குகளை மதரஸாவில் ஓதிக்கொடுக்கும்போது 'ரிகாப்' என்னும் பங்கு வந்ததும், "இது அடிமைகளின் விடுதலைக்குரியது; இக்காலத்தில் அடிமைகள் இல்லை" என்று கூறிவிட்டு அடுத்த பங்கிற்குச் சென்றுவிடுவது வழக்கம். என் உஸ்தாதும் அப்படித்தான் ஓதிக்கொடுத்தார். நானும் பல்லாண்டுகள் அவ்விதமே ஓதிக்கொடுத்தேன். அந்த உறுத்தலே இதை எழுதத் தூண்டிற்று.

1807-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் விற்பனைக்கு இறக்கப்பட்டவர்களுள் உமர் இப்னு ஸயீத் என்பவர் ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவில், ஃபூட்டா டோரோவில் பிறந்து, ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1831-ல் தம் வரலாற்றை அரபியில் எழுதியபோது, ஆட்சியனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று கூறும் ஸூரத்துல் முல்க்கைக் கொண்டே தொடங்கினார். அப்போதும் அவர் இன்னொருவரின் உடைமையாகவே இருந்தார். இவ்வாறு அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1.25 கோடி, வழியிலேயே மாண்டோர் சுமார் 18 லட்சம். வெள்ளையரை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க இயலாது. முஸ்லிம் நாடுகளிலும் அடிமை வணிகம் நடந்தது. ஸவூதி அரேபியா 1962-லும், மொரிட்டானியா 1981-லும்தான் அடிமைமுறையை ஒழித்தன.

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. தோட்டங்களுக்கோ ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகவும், இலங்கைக்குக் கங்காணிகள் வழியாகவும் தமிழ் மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். நாமக்கல்லை உள்ளடக்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவும் ஆள் அனுப்பிய ஜில்லாக்களுள் ஒன்று. இலங்கையில் சங்கிலி இல்லை, 'துண்டு' இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த காகிதம் அது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்திற்கே அவன் மாற இயலும். 1921-ல்தான் அம்முறை ஒழிந்தது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களை அறிந்தவர்கள் இதைப் படித்ததும் ஒரு சொல்லை நினைத்திருப்பார்கள்: 'பாக்கி'. தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. போவதாயின் புதிய முதலாளியிடம் பாக்கி வாங்கிப் பழையவருக்குக் கட்ட வேண்டும். கூலியோ கடன் தீருமளவு கிடைப்பதில்லை. 2025-ஆம் ஆண்டில், பள்ளிபாளையம் பகுதியில் கடன்பட்ட தறித்தொழிலாளர்கள் தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியாகி, அரசு விசாரணை நடத்தியதே, நினைவிருக்கிறதா?

"கேட்டுத்தானே வாங்கினான்" என்பீர்கள். மெய்தான். சுடுமணலில் மார்பின்மேல் பாறை ஏற்றப்பட்ட ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் நிலையும் இதுவும் ஒன்றென நான் கூறவில்லை. ஆயினும், கடனைக் காட்டி ஒருவனின் உழைப்பைக் கட்டிவைப்பது கொத்தடிமைத்தனம் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது; அக்கடன் செல்லாது என்றும் கூறுகிறது.

ஆகவே ஜமாஅத்தார் பணத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓட வேண்டாம். அது செல்லாக் கடனுக்குச் செலுத்தும் கப்பமாகிவிடும். முதலில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கத் துணை நில்லுங்கள். வெளியே வந்த குடும்பம் மீண்டும் வட்டிக்காரனிடம் போகாமலிருக்க உதவுங்கள். 'ரிகாப்' பங்கு இதற்குப் பொருந்துமா என்று ஆலிம்கள் ஆராயட்டும். கடனாளிகளுக்கென்று அதே ஆயத்தில் தனிப் பங்கு இருக்கிறதே! ஜகாத் முஸ்லிம்களுக்கே என்பது பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு. ஆனால் ஸதகாவுக்கு அத்தடை இல்லை. கழுத்தை விடுவிக்கச் சொன்ன ஸூரத்துல் பலதும் அது யாருடைய கழுத்தென்று கேட்கவில்லை.

சென்ற ரமளானில் தறி வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் கணக்குப் புத்தகத்துடன் வந்து, ஆட்களுக்குக் கொடுத்த பாக்கியையும் சொத்தில் சேர்த்து ஜகாத் கணக்கிட வேண்டுமா என்று கேட்டார். திரும்பி வரக்கூடிய கடனாயின் சேர்க்க வேண்டும் என்று மஸ்அலாவைச் சொன்னேன். பிறகு புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரே பெயர் பதினோராண்டுகளாக இருந்தது. தொகை ஆண்டுதோறும் கூடியிருந்தது. "இவர் எப்போது போகலாம்?" என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.