ஐம்பதிலேயே நின்ற கணிதம்

ஒன்ராறியோவின் 72 கல்விச் சபைகளும் மாணவர் அடைவுத் திட்டத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டுச் சட்டம். எல்லோருக்கும் ஒரே படிவம்: சபையின் சதவீதம், பக்கத்தில் மாகாணத்தின் சதவீதம், பிறகு 'மேம்படுத்த எடுக்கப்படும் நடவடிக்கைகள்'. அந்தக் கடைசிப் பகுதியைப் பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, தரவுகளைக் கண்காணித்தல், கணிதப் பயிற்றுநர்களை அனுப்புதல். எந்தப் பாடசாலைக்கு, எத்தனை நாளுக்கு, நடக்காவிட்டால் யார் பொறுப்பு? தேடித் தேடிக் கண்தான் வலிக்கும்.

இதில் என்னை விடாமல் உறுத்துவது ஓர் எண். 2016இல் மாகாணத்தின் ஆறாம் தர மாணவர்களில் 50 சதவீதத்தினரே கணிதத்தில் மாகாணத் தரத்தை எட்டினார்கள். 2023இல் 50. 2024இலும் 50. இடையில் பாடத்திட்டம் மாறியது, மாகாணப் பரீட்சை கணினிக்குப் போனது. ஆகவே ஒப்பிடக் கூடாது என்பார்கள். எத்தனை திட்டம் போட்டும் பாதிப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு அது பதிலே அல்ல. மறுபுறம், 2004இல் 68 சதவீதமாக இருந்த உயர்பாடசாலைத் தேர்ச்சி 2016க்குள் 86ஐத் தாண்டிவிட்டது. பாடசாலை தானே வழங்கும் கிரெடிட் ஏறுகிறது, வெளியார் வைக்கும் பரீட்சை அசையவில்லை. டிப்ளோமா மலிந்துவிட்டது என்றுதான் இதற்குப் பொருள்.

இந்த எண்களைப் பாடசாலைவாரியாகப் பேசினால் ஏழைப் பகுதிகளுக்கு அவப்பெயர் வரும் என்பது கோழைகளின் வாதம். பாடசாலைவாரிப் பெறுபேறுகள் ஏற்கெனவே பகிரங்கமானவை. ஃபிரேசர் நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு அவற்றை வைத்துத் தரவரிசையே போடுகிறது. மறைந்திருப்பது பரிகாரம் மட்டும்தான். சபை முழுவதற்குமான சராசரிக்குள் ஸ்காபரோவின் வாடகை மாடிக்குடியிருப்புப் பிள்ளையும் வட ரொறொன்ரோவின் பெருவீட்டுப் பிள்ளையும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இதைக் கேட்கும் இடமும் பறிபோனது. 2025 ஜூனில் ரொறொன்ரோ உட்பட நான்கு சபைகளைக் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைத்தார். சொன்ன காரணம் வரவு செலவு. அந்தச் சபைகளுக்கு நாம் வாக்களித்துத் தெரிவுசெய்த அறங்காவலர்களின் அதிகாரம் போயிற்று. இனி அந்த அடைவுத் திட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் கூட்டத்தில், யாரிடம் எழுந்து கேட்பது?

அறங்காவலர்களின் அதிகாரத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வோர் அதிபரும் இலையுதிர் காலத்தில் தம் பாடசாலையின் ஆறாம் தரக் கணித எண்ணையும், அதற்காகக் கிடைத்த பயிற்றுநர் நாட்களின் கணக்கையும் பெற்றோர் சபையின் முன் வைக்க வேண்டும். அது நடக்கும்வரை இந்த அடைவுத் திட்டத்தை எந்தப் பெற்றோரும் ஏற்கக் கூடாது.