துவக்குக் குழலும் விலையின் நேர்மையும்

பழம்பொருளொன்றைப் பழுதுபார்த்தால் அதன் மதிப்பு உயருமா, தாழுமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் பழைய இரட்டைக் குழல் துவக்கு வாணிகத்தில் தெளிவான விடையொன்று கிடைக்கின்றது. தமிழாசிரியனுக்குத் துவக்கில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. மெய்யும் பொய்யும் விலை பேசப்படும் இடத்தில் அவனுக்கும் அலுவல் உண்டு என்பது என் துணிபு.

இலண்டனிலும் பர்மிங்ஹாமிலும் கைவினைஞர் ஆக்கிய சன்னத் துவக்குகள் நூறாண்டு கடந்தும் விலைபோகின்றன. அவற்றின் உயிர்நிலை குழலேயாம். பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்றால், அதன் துளைக்கு ஒத்த ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஓர் இறாத்தல் நிறுக்கும் என்பது பொருள். அத்துளையின் விட்டம் ஏறக்குறைய 0.729 அங்குலம். மருந்தின் எச்சமும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே கறள் பற்றும். கறள் தின்ற இடம் குழியாகும்.

நசுங்கிய குழலை உள்ளிருந்து தாங்கி, வெளியே மெல்லத் தட்டி நிமிர்த்துதல் சிறுவேலை. தேர்ந்தவன் செய்தால் விலைக்குப் பெருங்கேடில்லை. குழிகளைப் போக்க உட்புறத்தைத் தேய்த்து மெருகிடுதலோ அத்தகையதன்று. தேய்க்குந்தோறும் துளை அகலும், சுவர் மெலியும். சுவரின் தடிப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கினுங் குறையுமாயின், அறிந்தவர் வாங்கத் தயங்குவர். அறியாதவரோ கண்ணாடிபோல் ஒளிரும் குழலைக் கண்டு மகிழ்ந்து, இழந்துபோன இரும்புக்கும் சேர்த்துப் பணங் கொடுப்பர். மெலிந்த குழல் வெடிக்குமாயின் அதனைத் தாங்கும் இடக்கை என்னாகும் என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடர் கருதியே ஆங்கிலேயர் சோதனை முறையொன்றை வகுத்தனர். இலண்டனில் 1637ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்ற துவக்குத் தொழிலாளர் கழகமும், பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சோதனைச் சாலையும் இப்பணியை ஆற்றி வருகின்றன. வழக்கமான தோட்டாவினும் மிக்க அழுத்தமுடையதனைச் சுட்டு, அதனைத் தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவர். பின்னாளில் துளை உரிய எல்லையைக் கடந்து அகலுமாயின் அம்முத்திரை செல்லாது. மறுசோதனையின்றி அத்துவக்கை விற்றல் 1868ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகக் குற்றமாகும்.

குழல் முற்றும் பழுதானவிடத்து வழி இரண்டு. ஒன்று, முழுதும் புதுக்குழல் பூட்டுதல். முதற்செய்த தொழிலகமே அதனைச் செய்யின் மதிப்புப் பெரும்பாலும் நிலைக்கும். செலவோ மிகப் பெரிது. மற்றொன்று, அடிப்பகுதியில் சில அங்குலம் விட்டு, எஞ்சியதை அறுத்து நீக்கி, அடியைக் கடைந்து, அதனுள் புதுக்குழலைச் செருகுதல். இது செலவு குறைந்தது. துவக்கும் மீண்டும் உழைக்கும். எனினும் அதன் சந்தை விலை பெரிதும் இறங்கிவிடும். இக்காலத்து ஒட்டுவேலையின் திறத்தால் பொருத்தைக் கண்ணாற் காண்டல் அரிதாதலின், குழல் செருகப்பட்டதெனப் பொறிக்க வேண்டுமென்று சோதனை விதி கட்டளையிடுகின்றது. ‘ஸ்லீவ்ட்’ என்னும் அவ்வொரு சொல்லே வாங்குவோனுக்குக் காவல்.

அச்சொல்லைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் வாணிகர் மனப்பான்மையை யான் ஏற்கேன். ஒரு துவக்குக்கு மதிப்பு இருவகை. வேட்டைக்குக் கொள்பவனுக்கு வேண்டுவது வலிமை. அவனுக்கு மெலிந்த பழங்குழலினும் செருகிய புதுக்குழலே நன்று. பேணி வைப்பவனுக்கு வேண்டுவது தொன்மை, அவன் செருகியதற்குக் குறைத்தே கொடுப்பான், அதுவும் நியாயமே. விலை குறைதல் வேறு, இழுக்கு வேறு. செய்ததைச் சொல்லி விற்ற பொருளுக்கு இழுக்கில்லை. முகப்பைக் குறுக்கி வெட்டிவிட்டு, இரு குழலுக்கும் இடையே தோன்றும் வெளியை ஈயப் பற்றால் அடைத்து, பழைய நீளம் இதுவே எனச் சாதிப்பவனுடையதே இழுக்கு. மெய் சொன்னவன் நட்டப்படுகின்றானே எனின், நட்டம் மெய்யால் வந்ததன்று, கறளால் வந்தது. மறைப்பவன் அந்நட்டத்தைத் துடைப்பதில்லை. பிறன் தலையில் ஏற்றுகின்றான்.

ஏட்டுச் சுவடியோடு வாழும் எமக்கு இது புதிதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1894ஆம் ஆண்டு பதிப்பித்தபோது அவ்விடங்களில் தாமொரு பாட்டை இயற்றிச் செருகினாரல்லர். வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கின்றது. அதனாலேயே எஞ்சிய பாட்டுக்களை ஐயமின்றிக் கற்கின்றோம். சிதைந்த சொல்லுக்குத் தம் கருத்தால் ஒரு பாடங் கொள்ளும் பதிப்பாசிரியரும், அது தம்முடையதெனக் குறிப்பாராயின் நமக்கு உதவியே செய்கின்றனர். குறியாது கலப்பவரே நூலைக் கெடுப்பவர்.

ஆதலின், பழந்துவக்கு வாங்கப் புகுவோர் ஒளியைக் கண்டு மயங்காது சுவரை அளப்பித்தறிக, முத்திரையைப் படிக்க. விற்போர் செய்த வேலையை ஒளியாது உரைக்க. பழுதுபார்த்தல் பொருளுக்கு ஆயுள் தருவது. அதனை வெளிப்படச் சொல்லுதலோ பொருளுக்கு மானந் தருவது.