மொழி மாறும் இடத்தில் கதை இருக்கிறது

"திரைக்கதை எழுதப் போகிறேன்" என்று சிங்கப்பூரில் ஒருவர் சொன்னால், அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "அப்போ சென்னைக்குப் போயிடுவியா?" என்பது ஒன்று. "அது சரி, வேலைக்கு என்ன செய்யப் போறே?" என்பது மற்றொன்று. மூன்று ஆண்டுகளாகத் திரைக்கதை எழுதிப் பழகிவரும் எனக்கு இவ்விரண்டும் மனப்பாடம். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. பொறியியல் படித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று அதற்குப் பதில் சொல்லிவிடலாம். முதல் கேள்விதான் உறுத்துகிறது. தமிழில் படம் என்றால் அது கோடம்பாக்கத்திலிருந்துதான் வர வேண்டும், நாம் பார்ப்பதற்கு மட்டுமே உரியவர்கள் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து. சிங்கப்பூர்த் தமிழ்த் திரைக்கதைக்கு வேண்டிய சரக்கு சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அதுவும் எங்கோ இல்லை. நாம் நாள்தோறும் கொஞ்சம் வெட்கத்தோடு பேசும் பேச்சில் இருக்கிறது.

எழுதப் பழகுபவரின் அன்றாட வாழ்க்கையில் கவர்ச்சி ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் சிராங்கூனில் வடக்கு கிழக்கு ரயில் தடத்தில் ஏறுகிறேன். காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டுவதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் முதல் பயிற்சி. ஒரு நாளைக்கு நான்கு வரி குறித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. முகத்தைக் குறிப்பதில்லை, பெயரைக் குறிப்பதில்லை. சொன்ன சொல்லையும் சொன்ன விதத்தையும் மட்டும். இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணி வரை, புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையில் அமர்ந்து ஒரு பக்கம் எழுதுகிறேன். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது உலகமெங்கும் உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் மூன்று மாதத்தில் ஒரு முழுப் படம் எழுதிவிடலாம். ஆனால் எழுதியதில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும் என்பதால், அந்தக் கணக்கு எனக்கு இதுவரை சரியாக வந்ததில்லை!

இன்னொரு பழக்கமும் உண்டு. தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதில் விழுவதையும் எழுதுவது தமிழ்த் திரையுலகின் பழைய முறை. நான் அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். தமிழ் வசனத்தை நீல மையிலும், ஆங்கிலத்தைக் கறுப்பிலும், மலாய், சீனச் சொற்களைச் சிவப்பிலும் எழுதுகிறேன். விளையாட்டாகத் தொடங்கிய இந்தப் பழக்கம்தான் எனக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்புக்கும் வேலைக்கும் இடையில் எழுத முடியுமா என்று ஐயப்படுபவர்கள் எழுத்தாளர் சுஜாதாவை நினைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றவர் அவர். நாவல், சிறுகதை, திரைப்பட வசனம் என்று எழுதிக் குவித்ததோடு, "திரைக்கதை எழுதுவது எப்படி?" என்று ஒரு நூலும் எழுதினார். அவருடைய "பிரியா" 1978-ல் ரஜினிகாந்த் நடித்துப் படமானபோது, அதில் சிங்கப்பூர் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வந்த பாலசந்தரின் "நினைத்தாலே இனிக்கும்" படத்திலும் நம் ஊர் வந்தது. நம் பெற்றோர் இன்றும் அவற்றைப் பெருமையோடு பேசுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படங்களில் சிங்கப்பூர் ஓர் அழகான பின்னணி. இங்கே வாழ்பவர்களின் கதை அவற்றில் இல்லை.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்பவர்களின் கதையை இங்கிருந்தே ஒருவர் எழுதியிருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புதுமைதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், வானொலியில் பணியாற்றிக்கொண்டே நூற்றுக்கணக்கான நாடகங்களை எழுதியவர். 2008-ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1960-களின் இறுதியில் அவர் எழுதிய "அடுக்கு வீட்டு அண்ணாசாமி" என்ற வானொலித் தொடரை மூத்த தலைமுறையினர் இன்னும் மறக்கவில்லை. கம்பத்து வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மாற்றத்தைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நகைச்சுவையாக வாரந்தோறும் எழுதினார். சென்னையில் உட்கார்ந்து அதை எழுதியிருக்க முடியுமா? நிச்சயமாக முடியாது. இங்கே எழுதத் துடிக்கும் நமக்கு முன்னோடி வேறெங்கும் இல்லை, இங்கேயே இருக்கிறார்.

இனி, அந்த மூன்று நிற மைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு நான் எழுதிய ஒரு காட்சி இது. தேக்கா சந்தைக்கு மேலே, பஃப்ளோ சாலை அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒரு குடும்பம். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டை விற்றுவிட்டுப் பொங்கோலுக்குப் போக நினைக்கிறார்கள். பாட்டிக்குத் தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்று, அவர் முன்னாலேயே ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான்கு நாள் இப்படியே போகிறது. ஐந்தாம் நாள் சோறு பரிமாறிக்கொண்டே பாட்டி நிமிராமல் சொல்கிறார்: "செல் ஆஃப்டர் தீபாவளி, கேன்?"

தாளில் நீலமாகவே பேசி வந்த பாட்டியின் வரிசையில் அந்த ஒரு வரி மட்டும் கறுப்பு. காட்சியின் உயிர் அங்கேதான் இருந்தது. பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல காட்சி என்று நான் நினைத்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. மருத்துவமனையில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்த தாதி, முதியவரின் கண் கலங்கியதும் "ஐயா, பயப்படாதீங்க" என்று தமிழுக்கு மாறும் இடம். தந்தையோடு எப்போதும் தமிழில் பேசும் மகன், கோபம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவும் இடம். "சாப்பாடு தாபாவ் பண்ணிட்டு வரவா?" என்று மலாயும் சீனமும் புழங்கும் ஊரின் சொல்லோடு அக்காள் சமாதானத்துக்கு வரும் இடம். மொழி மாறும்போதெல்லாம் மனிதர்களுக்கிடையே ஏதோ ஒன்று மாறுகிறது. நாடகம் என்பதே அதுதானே?

இந்தப் பாட்டியின் காட்சியை முழுக்க முழுக்கத் தூய தமிழில் எழுதினால் என்ன ஆகும்? செத்துவிடும். முழுக்க ஆங்கிலத்தில் எழுதினாலும் செத்துவிடும்.

"இப்படிக் கலப்புத் தமிழை ஆதரித்தால் மொழி அழிந்துவிடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். 2010-ல் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் இந்நாட்டு மக்களில் 3.3 விழுக்காடு, 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. இது கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இதற்குக் காரணம் நாம் தமிழோடு பிற சொற்களைக் கலப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ் மேடைக்கும் தேர்வுக்கும் உரியது, வீட்டுக்கு உரியதன்று என்ற எண்ணமே காரணம் என்பேன். 2005-ல் பள்ளித் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆய்வு செய்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்றே வலியுறுத்தியது. கட்டுரையில் நல்ல எழுத்துத் தமிழ் இருக்கட்டும். கதாபாத்திரத்தின் வாயில் அந்தக் கதாபாத்திரத்தின் தமிழ் இருக்கட்டும். திரையில் தன் வீட்டுப் பேச்சைக் கேட்கும் இளையர், "இதுவும் தமிழ்தான், என்னுடைய தமிழ்" என்று உணர்வார். தமிழைப் பேசவைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

லிட்டில் இந்தியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் அங்கே நடப்பதுண்டு. கேம்பல் லேனிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் புதுக்கோட்டைத் தமிழையும் தஞ்சைத் தமிழையும் ராமநாதபுரத் தமிழையும் ஒரே மாலையில் கேட்கலாம். ஒருமுறை ஊழியர் ஒருவர் கைப்பேசியில் மகனுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "தப்பு, மறுபடி சொல்லு" என்று கண்டிப்பான குரல். கடல் கடந்த ஒரு வகுப்பறை! நம் எழுத்தில் வெளிநாட்டு ஊழியர் என்றால் ஒன்று கேலிக்குரியவர், இல்லையென்றால் இரக்கத்துக்குரியவர். 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு அச்சத்துக்குரியவராகவும் சிலர் பார்த்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் தந்தையாக நாம் அவரை எழுதியிருக்கிறோமா? அவர்களுக்காகப் பேசுகிறோம் என்ற தோரணையும் நமக்கு வேண்டாம். 2014-ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, அவர்களே நன்றாகப் பேசுவார்கள் என்பதைக் காட்டியது. நாம் அவர்களைக் கேட்டு எழுதுவோம். அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுவோம். அவர்கள் படித்தால் தலைகுனிய நேராதபடி எழுதுவோம்.

"இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி. 2008-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் எது தெரியுமா? எரிக் கூவின் "மை மேஜிக்". குடிக்கு அடிமையான ஒரு வித்தைக்காரரையும் அவர் மகனையும் பற்றிய தமிழ்ப் படம் அது! தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஓர் இயக்குநர், நம்மிடையே ஒரு கதை இருப்பதைக் கண்டுகொண்டார். 2016-ல் கே. ராஜகோபாலின் "எ யெல்லோ பர்ட்", தமிழும் சீனமும் ஆங்கிலமும் கலந்த பேச்சோடு அதே விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. நம் கதை உலகத்துக்குப் புரியாது என்ற சாக்கு இனி செல்லாது.

2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானபோது எழுதுபவர்களுக்கான தேவை பெருகியது. ஆனால் ஒளிவழி இருந்தால் மட்டும் போதுமா? எழுத்து எங்கிருந்து வரும்? நம் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் வர வேண்டும். நம் தமிழ்ப் பேரவைகள் ஆண்டுதோறும் நாடகம் போடுகின்றன. நடிக்க ஆள் கிடைக்கிறார்கள், ஒளி அமைக்கவும் ஆள் கிடைக்கிறார்கள். எழுதத்தான் ஒருவரோ இருவரோ. மாதம் ஒருமுறை ஐந்து பேர் கூடி, ஆளுக்கு ஐந்து பக்கம் உரக்கப் படித்தால் போதும். காகிதத்தில் நன்றாக இருக்கும் வசனம் வாயில் வராமல் திக்கும்போது, எங்கே பொய் சொல்லியிருக்கிறோம் என்பது தானாகத் தெரிந்துவிடும். செலவு ஒரு கோப்பை தேநீர்தான்.

நண்பர்களே, நீங்கள் திரைக்கதை எழுதப் போவதில்லை என்றாலும் இன்று இரவு வீட்டில் நடக்கும் பேச்சைக் கவனியுங்கள். யார் எப்போது மொழி மாறுகிறார், ஏன் மாறுகிறார் என்று பாருங்கள். பாட்டி, தாத்தா இருக்கும் வீடு என்றால் நான்கு வரி குறித்தும் வையுங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்த நான்கு வரியை நினைவிலிருந்து எழுத நம்மால் முடியாது. சென்னையிலிருந்து யாரும் வந்து நமக்காக எழுதித் தரவும் மாட்டார்கள்.