டிக்கெட் எந்திரத்துக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி!

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுகிறோம். கண்டக்டர் கையிலுள்ள எந்திரத்தைத் தட்டுகிறார். டிக்கெட் வந்து விழுகிறது. கணக்குப் போட்டது யார்?

உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு 'சிப்'தான்!

அஞ்சறைப் பெட்டி

வீட்டில் அரிசி மூட்டை உள்ளறையில் இருக்கும். கடுகும் சீரகமும் அடுப்புப் பக்கம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். கடுகுக்காக உள்ளறைக்கு ஓடினால் தாளிப்புக் கருகிப் போகும் அல்லவா?

சிப்பும் அப்படித்தான். கட்டளைகள் எல்லாம் 'நினைவகம்' என்ற உள்ளறையில் இருக்கின்றன. உடனே வேண்டியதை வைக்க, சிப்புக்குள்ளேயே சின்ன அறைகள் உண்டு. அவற்றுக்கு 'ரிஜிஸ்டர்' என்று பெயர்.

விரல் வைக்கும் அறை

எழுத்துக் கூட்டிப் படிப்பவர் வரியின்மேல் விரல் வைத்துக்கொள்வார். ஒரு ரிஜிஸ்டருக்கு அந்த விரலின் வேலை. அடுத்த கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண் அதில் இருக்கும்.

சிப் அந்த எண்ணைப் பார்த்துக் கட்டளையை எடுத்து வருகிறது. அதை இன்னொரு ரிஜிஸ்டரில் வைத்துப் பொருள் பார்க்கிறது. 'கூட்டு' என்றால் கூட்டுகிறது. விரல் அடுத்த கட்டளைக்கு நகர்கிறது. அரை டிக்கெட் என்றாலோ, அந்தக் கணக்கு இருக்கும் இடத்துக்கு விரல் தாவுகிறது! ஒரு நொடியில் இப்படி லட்சக்கணக்கான கட்டளைகள் முடிகின்றன.

யாருக்குச் சொந்தம்?

எத்தனை ரிஜிஸ்டர், என்னென்ன கட்டளை என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பெயர்பெற்ற பட்டியல்கள் பல வெளிநாட்டுக் கம்பெனிகளின் சொத்து. அனுமதி இல்லாமல் அவற்றின்படி சிப் செய்ய முடியாது.

2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற பட்டியல் பிறந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. பொது வேலைக்கு 32 ரிஜிஸ்டர்கள். அதில் ஒன்றில் என்றும் பூஜ்யம்தான்!

இதைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' சிப்பை வடிவமைத்தனர். 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் அறிவிக்கப்பட்டது. அது விண்வெளி வேலைக்கானது. பஞ்சாபில் மொகாலியிலுள்ள அரசு ஆலையில் தயாரானது.

ஆலை வேண்டும்

ஆனால் அங்குள்ள 180 நானோமீட்டர் முறை பழையது. புதிய செல்போன் சிப்புகள் 10 நானோமீட்டருக்கும் குறைந்த முறையில் வருகின்றன. அவற்றைச் செய்யும் ஆலை நம் நாட்டில் இல்லை. மூளை இருக்கிறது, உலை இல்லை!

பட்டியல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. மேலூர் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் நாளை ஒரு சிப் வரையலாம். அதை இங்கேயே செய்ய ஆலை வந்தால்தான் முழு வெற்றி.